கரையும் ஸ்க்ரூவுக்காகக் காப்பை அடகு வைக்கலாமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "தம்பிக்கு 34 வயது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் வலது கணுக்காலின் உள்பக்க எலும்பு உடைந்துவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டு ஸ்டீல் ஸ்க்ரூ போட வேண்டும் என்கிறார்கள். வார்ட்டுக்கு வெளியே ஒருவர், தான் கம்பெனி ரெப் என்று சொல்லிக்கொண்டு வந்தார். பொலிமரும் மக்னீசியமும் கலந்த ஸ்க்ரூ இருக்கிறதாம், அது உடம்பிலேயே கரைந்துவிடுமாம், கழற்ற இரண்டாவது ஒப்பரேஷன் வேண்டாமாம். பில் இல்லாமல் எடுத்தால் விலையும் குறைப்பாராம். அம்மாவின் காப்பை அடகு வைத்தால் சமாளிக்கலாம். வாங்கலாமா? ஸ்டீல் உள்ளே கிடந்தால் பின்னால் ஆபத்தா?"

காப்பு அம்மாவின் கையிலேயே இருக்கட்டும். உங்கள் தம்பிக்கு ஸ்டீல் ஸ்க்ரூ தாராளமாகப் போதும்.

அந்த ஆள் விற்றது ஸ்க்ரூவை அல்ல, இரண்டாவது ஒப்பரேஷன் பற்றிய பயத்தை. வளர்ந்த ஒருவரின் கணுக்காலில் எலும்பு பொருந்திய பிறகு, ஸ்க்ரூ தொந்தரவு தராவிட்டால் அதைக் கழற்றவே தேவையில்லை. ஆயுள் முழுவதும் அங்கேயே இருக்கலாம். உள்கணுக்காலில் தோல் மெல்லியது என்பதால் சிலருக்கு ஸ்க்ரூவின் தலை சப்பாத்தில் உரசும். கிருமி தொற்றினாலோ ஸ்க்ரூ தளர்ந்தாலோ அது வேறு கதை. அப்படியானவர்களுக்குத்தான் கழற்றுவார்கள், அதுவும் சின்ன ஒப்பரேஷன். நடக்காமலே போகக்கூடிய ஒன்றைத் தவிர்க்க இன்றைக்கே கடன்படுவது எந்தக் கணக்கிலும் வராது.

சரி, கரையும் ஸ்க்ரூ என்று ஒன்று இருக்கிறதா? இருக்கிறது. தையலுக்குப் போடும் கரையும் நூல் 1970களிலிருந்து பாவனையில் உள்ளது. அந்த நூலைச் செய்யும் பொலிமர் (பிளாஸ்டிக் போன்ற பொருள்) குடும்பத்திலிருந்தே ஸ்க்ரூவும் தகடும் செய்கிறார்கள். மக்னீசியக் கலப்புலோக ஸ்க்ரூ ஒன்றுக்கு ஐரோப்பாவில் விற்பதற்கான சீ.ஈ. அங்கீகாரம் 2013 இல் கிடைத்தது. அது ஜெர்மனியில் உருவானது. 2023 இல் அமெரிக்க உணவு, மருந்து அதிகாரசபையும் ஒரு மக்னீசிய ஸ்க்ரூவை அனுமதித்தது, அதுவும் உங்கள் தம்பிக்கு உடைந்த அதே உள்கணுக்கால் எலும்புக்குத்தான். ஆகவே அந்த ஆள் சொன்னது முழுப் பொய் இல்லை. பாதி உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவரை மறுத்துப் பேசுவது கஷ்டம், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

"இரண்டும் கலந்தது" என்ற இடத்தில்தான் கதை வழுக்குகிறது. பொலிமர் சிதையும்போது அமிலம் வெளிவரும், அதனால் சிலருக்கு அந்த இடம் வீங்கிச் சீழ் போல் நீர் கட்டும். மக்னீசியம் சிதையும்போது காரத்தன்மை உண்டாகும். இரண்டையும் சேர்த்தால் ஒன்று மற்றதைச் சமன்செய்யும், பொலிமரின் மென்மைக்கு உலோகம் பலம் தரும் என்பது நல்ல யோசனை. எலும்புத் திசுவை வளர்த்தெடுக்கும் ஆய்வுகளில் இப்படிப்பட்ட கலவைகளில் நுண்துளைகள் விட்டு, அவற்றுக்குள் உயிரணுக்களை வளர்த்துப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் ஆய்வுகூடத்திலும் விலங்குகளிலும் நடக்கிற வேலை அது. வார்ட் வராந்தாவில் ஒருவர் அதைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினால், உள்ளே இருப்பது சாதாரணப் பொலிமர் ஸ்க்ரூவாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம்.

கரைவது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மக்னீசியம் உடம்பில் அரிக்கப்படுகிறது, வெள்ளவத்தைக் கடலோர மாடிவீடுகளின் ஜன்னல் கிரில் உப்புக்காற்றில் அரித்துப்போவது மாதிரி. நம் உடம்பு நீரிலும் உப்பு இருக்கிறது. அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு கிராம் மக்னீசியம் முழுதாகக் கரைந்தால் ஏறத்தாழ ஒரு லீட்டர். மெல்ல வந்தால் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும், வேகமாக வந்தால் திசுவுக்குள் குமிழியாகத் தங்கும். எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையமாகத் தெரியும். ஸ்க்ரூ எது என்று எழுதிவைக்காமல் விட்டால், அடுத்த கிளினிக்கில் பார்க்கும் டொக்டர் அதைக் கிருமித்தொற்று என்று எண்ணக்கூடும். பொலிமர் ஸ்க்ரூ எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. சில வகைகள் முழுதாக மறைய 2 முதல் 5 வருடம்கூட எடுக்கும். "ஆறு மாதத்தில் எலும்பாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்று. மக்னீசியத்தையும் ஸ்டீலையும் ஒன்றையொன்று தொடும்படி வைக்கவே கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜிய சத்திரசிகிச்சை நிபுணர் அல்பின் லம்பொட் ஒரு மக்னீசியத் தகட்டை ஸ்டீல் ஆணிகளால் பொருத்தினார். எட்டே நாளில் தகடு சிதைந்து, தோலுக்கடியில் வாயு நிறைந்துவிட்டது. "ஒன்று ஸ்டீல் போடட்டும், ஒன்று நம்முடையதைப் போடுவோம்" என்று பேரம் பேசுகிறவருக்கு இது தெரியுமா?

நான் மிகவும் பயப்படுவது பெட்டியைப் பற்றித்தான். ஸ்டீல் ஸ்க்ரூக்கள் ஒப்பரேஷன் தியேட்டரில் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். பாவிக்காதவை திரும்பத் திரும்ப ஓட்டோகிளேவுக்குள், அதாவது நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரத்துக்குள், போய் வரும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பொலிமர் அந்தச் சூட்டைத் தாங்காது. இந்த ஸ்க்ரூக்களுக்குப் பாவிக்கும் பொலிமரான பொலிலக்டிக் அமிலம் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும், ஓட்டோகிளேவ் ஓடுவதோ 121 பாகையில். அதனால்தான் தொழிற்சாலையிலேயே கிருமி நீக்கி, ஈரம் புகாத அலுமினியத் தாள் உறையில் அடைத்து அனுப்புகிறார்கள். வழக்கமாக 25 பாகைக்குக் கீழே வை என்று பெட்டியில் போட்டிருக்கும். கொழும்பில் நண்பகலில் மூடிய காரின் டிக்கியில் கிடந்த பெட்டியை நினைத்துப் பாருங்கள். உறையில் சின்ன ஓட்டை விழுந்தாலும் நம்முடைய ஈரக்காற்று உள்ளே போய், கணுக்காலுக்குள் நடக்க வேண்டிய சிதைவு அலுமாரிக்குள்ளேயே தொடங்கிவிடும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முறுக்கும்போதுதான் உடையும். உடைத்த உறையை ஒட்டி, "ஒருமுறை திறந்ததுதான், திரும்ப ஸ்டெரிலைஸ் பண்ணியாச்சு" என்று விற்பவர்களும் உண்டு.

இலங்கையில் உடம்புக்குள் வைக்கும் எந்த மருத்துவ சாதனமும் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் அது பதிவாகியிருக்க வேண்டும். பில் இல்லாத விலைக்கழிவு என்றால், பிறகு பிரச்சினை வந்தால் பொருளும் இல்லை, விற்றவரும் இல்லை. 2023 இல் போலி இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு உள்ளேயே வந்து சேர்ந்ததைப் பார்த்த நாடு இது. வராந்தாவில் விற்கும் பெட்டியை எந்த நம்பிக்கையில் வாங்குவது?

"சின்னப் பிள்ளைகளுக்கே இதைத்தான் போடுகிறார்கள்" என்று அவர் அடுத்து சொல்வார். அதையும் தெளிவாக்கிவிட வேண்டும், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. ஒரு குழந்தையின் மண்டையோடு வளர்ந்துகொண்டே இருக்கும். வெளிப்பக்கம் புதிய எலும்பு படியும், உள்பக்கம் தேயும். அங்கே வைத்த டைட்டேனியத் தகடு, வைத்த இடத்தில் நின்றாலும், வருடங்கள் போகப்போக எலும்புக்குள் புதைந்து மூளைப்பக்கம் எட்டிப்பார்க்கக்கூடும். ஆகவே மண்டையோட்டுச் சத்திரசிகிச்சையில், முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு, கரையும் பொலிமர்த் தகடு நல்ல தெரிவு. அங்கே உடல் பாரம் தாங்கும் வேலையும் இல்லை. ஆனால் இந்த நியாயம் மண்டையோட்டுக்கு மட்டும்தான். அதே பிள்ளையின் கை எலும்பு உடைந்தால் பெரும்பாலும் உலோகக் கம்பிதான் வைப்பார்கள், பிறகு கழற்றுவார்கள். வளரும் எலும்பு, பாரம் இல்லாத இடம், இரண்டும் சேர்ந்தால்தான் அந்த நியாயம் நிற்கும். உங்கள் தம்பியின் கணுக்கால் வளர்ந்து முடிந்தது, முழு உடம்பையும் தாங்கப்போவது. குழந்தையின் உதாரணத்தை அவருக்குப் பொருத்த முடியாது.

கரைவது என்பதாலேயே ஒன்று மேலானதாகிவிடாது. இதய இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் கரையும் ஸ்டென்ட் ஒன்று 2016 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, அடுத்த வருடமே விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. சாதாரண உலோக ஸ்டென்டை விட அதில்தான் இரத்தம் கட்டுவது அதிகமாக இருந்தது.

எனக்கு ஆத்திரம் வருவது அந்த ரெப் மீது மட்டும் அல்ல. ஒப்பரேஷனுக்குக் காத்திருக்கும் நோயாளியின் பெயரும் முறிவும் வெளியாளுக்கு எப்படித் தெரிகிறது? ஆஸ்பத்திரியில் பொருள் இல்லை என்று ஒரு துண்டில் எழுதி, எந்தக் கம்பெனி, எந்த அளவு, பதிவு உண்டா என்ற எதுவும் தெரியாத குடும்பத்தின் கையில் கொடுத்து வீதிக்கு அனுப்பினால் அவர்கள் யாரிடம் போவார்கள்? கொள்வனவு செய்வது ஆஸ்பத்திரியின் வேலை. வருடக்கணக்கில் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நாளை வார்ட்டுக்குப் போனதும் பொறுப்பான கன்சல்டனிடமோ அவருக்குக் கீழே வேலை செய்யும் டொக்டரான எஸ்.எச்.ஓ.விடமோ நேராகக் கேளுங்கள்: "டொக்டர், ஸ்டீல் போட்டால் தம்பிக்கு ஏதாவது குறை உண்டா? வெளியில் வாங்கச் சொன்னது நீங்களா?" இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் விஷயம் முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டயக்னோசிஸ் கார்டில் எந்த உலோகம், எத்தனை ஸ்க்ரூ என்று எழுதச் சொல்லுங்கள். தம்பி சிகரெட் குடிப்பவர் என்றால் எலும்பு பொருந்தும்வரையாவது நிறுத்த வேண்டும், புகை எலும்பு பொருந்துவதைத் தாமதப்படுத்தும். அந்த ஆள் திரும்பவும் கோல் எடுத்தால், பொருளின் பதிவு இலக்கத்தையும் பெட்டியின் நான்கு பக்கப் படத்தையும் கம்பெனிக் கடிதத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். அது வரும்வரை விலை பற்றிப் பேச வேண்டாம்.