பிரிண்டரை மாற்றுமுன் ஒரு ஸ்கேலை எடுங்கள்

கேள்வி: நான்கு ஆண்டுகளாக ஒரு கறுப்பு-வெள்ளை லேசர் பிரிண்டர் வைத்திருக்கிறோம். டோனர் தனி, டிரம் தனி என்று வரும் மாதிரி. மாதம் சுமார் 300 பக்கம் ஓடும். கொஞ்ச நாளாக எல்லாப் பக்கத்திலும் இடது ஓரத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக, மூன்று கரும்புள்ளிகள் விழுகின்றன. தாளை இழுக்கவும் திணறுகிறது, சில நேரம் இரண்டு மூன்றாகச் சேர்த்து இழுத்துச் சிக்கிக்கொள்கிறது. "ஃபியூசர் போயிருக்கும், டிரம்மும் போயிருக்கும், புதிதாகவே வாங்கிவிடுங்கள்" என்கிறார் பழுது பார்ப்பவர். வேறு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுமே தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே செய்த பாகங்களில் வருபவை. அவற்றுக்காகப் பிரிண்டரையே தூக்கிப் போடுவது, டயர் தேய்ந்ததற்காக வண்டியை விற்பது போல. எந்தப் பாகம் என்று தெரியாமல் "அதுவும் போயிருக்கும், இதுவும் போயிருக்கும்" என்று சொல்வதில்தான் பணம் வீணாகிறது. உங்கள் பிரிண்டர் தன் நோயைத் தாளிலேயே எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் படிக்க ஒரு ஸ்கேல் போதும்.

லேசர் பிரிண்டரில் இருப்பது மை அல்ல. டோனர் என்பது நுண்ணிய பிளாஸ்டிக் தூள். ஒரு துகளின் அளவு ஏறக்குறைய 5 முதல் 10 மைக்ரான். டிரம் என்ற உருளையின் மேல் மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. லேசர் ஒளி பட்ட இடத்தில் அது குறைய, அங்கே டோனர் ஒட்டிக்கொண்டு, பிறகு தாளுக்கு மாறுகிறது. கடைசியில் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் ஃபியூசர் அதை உருக்கித் தாளோடு அழுத்திவிடுகிறது. இந்த வழி நெடுகத் தாளைத் தொடுபவை எல்லாம் உருளைகள். ஒரு உருளையில் ஓரிடத்தில் அழுக்கோ கீறலோ இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் தாளைத் தொடும்போது ஒரு தடம் விழும். ஆகவே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் அந்த உருளையின் சுற்றளவு. விட்டத்தை 3.14-ஆல் பெருக்கினால் கிடைக்கும் அதே அளவு.

இப்போது உங்கள் தாளை எடுங்கள். முதல் புள்ளியின் மையத்திலிருந்து இரண்டாவது புள்ளியின் மையம் வரை மில்லிமீட்டரில் அளந்து, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கும் அளந்து ஒத்துப் பாருங்கள். 30 மி.மீ. விட்டமுள்ள டிரம் என்றால் இடைவெளி 94 மி.மீ. வரும், 24 மி.மீ. என்றால் 75. ஃபியூசர் உருளை 25 மி.மீ. என்றால் 78 அல்லது 79. ஒரு சில மில்லிமீட்டரில்தான் வித்தியாசம், அதனால் கண்ணளவு உதவாது. உங்கள் மாதிரிக்கான சர்வீஸ் கையேட்டில் எந்த உருளைக்கு எத்தனை மி.மீ. என்று ஒரு அட்டவணையே இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். டோனரை டிரம்முக்குக் கொண்டுபோகும் டெவலப்பர் ரோலருக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அது பெரும்பாலும் தாளைவிட வேகமாகச் சுழல்வதால், தாளில் இடைவெளி அதன் சுற்றளவைவிடக் குறைவாக விழும். அதற்கும் கையேட்டு எண்ணையே நம்புங்கள்.

ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. முழுப் பக்கத்திலும் மூன்றே புள்ளிகள் என்பதால் 94-ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாதம் 300 பக்கம் வீதம் நான்கு ஆண்டுக்கு 14,400 பக்கம் ஆகிறது. டிரம் தனியாக வரும் சிறிய பிரிண்டர்கள் பலவற்றில் டிரம்முக்குக் குறித்திருக்கும் ஆயுள் 12,000 பக்கம்தான். உண்மையில் டிரம் தேய்வது பக்கத்தால் அல்ல, சுற்றுகளால். ஒவ்வொரு பக்கமாக அடிக்கடி அச்சிட்டால், ஒவ்வொரு முறையும் தாளுக்கு முன்னும் பின்னும் டிரம் வெறுமனே சில சுற்றுகள் சுற்றும். அதனால் 20 பக்கத்தை ஒரே மூச்சில் அச்சிடுபவரின் டிரம்மைவிட அப்படி அச்சிடுபவருடையது சீக்கிரம் தேயும். அவசரமில்லாதவற்றைச் சேர்த்துவைத்து ஒன்றாக அச்சிடுவதற்கு இது நல்ல காரணம்.

ஆனால் உடனே புது டிரம் வாங்கிவிடாதீர்கள். கரும்புள்ளிக்குப் பல நேரம் காரணம் டிரம்மில் ஒட்டிய லேபிள் பசையோ, தாள் துகளோதான். முதலில் பத்துப் பக்கம் போல அச்சிட்டுப் பாருங்கள். தானாகவே போய்விடுவதும் உண்டு. போகவில்லையா? பிரிண்டரை அணைத்து ஆறவிட்டு, டிரம் யூனிட்டை வெளியே எடுத்து டோனரைக் கழற்றுங்கள். புள்ளி விழுந்த தாளை டிரம்முக்கு நேராக, அகலம் பொருந்தும்படி பிடித்தால், இடது ஓரத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் தேடவேண்டும் என்று தெரியும். பக்கத்திலுள்ள பல்சக்கரத்தை விரலால் மெல்லச் சுழற்றி, டிரம்மின் மேற்பரப்பை அந்த நேர்கோட்டில் மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். கடுகைவிடச் சிறிய ஒரு மேடு கண்ணில் படும். காது குடையும் பஞ்சுக்குச்சியை உலர்ந்தபடியே வைத்து, அந்த மேடு விடும்வரை மெதுவாகத் துடையுங்கள். ஆல்கஹால், தண்ணீர், நகம், பிளேடு எதுவும் வேண்டாம். டிரம்மின் பச்சை அல்லது நீலப் பூச்சு மிக மெல்லியது. ஒரு கீறல் விழுந்தால் பிறகு அந்தக் கீறலே ஒவ்வொரு சுற்றுக்கும் அச்சாகும்.

இந்த வேலையை வெளிச்சம் குறைந்த இடத்தில், சில நிமிடங்களுக்குள் முடியுங்கள். டிரம் ஒளிக்கு இசையும் பொருள். வெயிலிலோ பளிச்சென்ற விளக்கின் கீழோ விட்டுவைத்தால் பக்கம் சாம்பல் பூத்துப்போகும். இடையில் எழுந்து போகவேண்டி வந்தால் கனமான கறுப்புத் துணியால் மூடிவிட்டுப் போங்கள். கழற்றிய கையோடு, டிரம் யூனிட்டின் மேல் நகர்த்தக்கூடிய சிறு பச்சை அல்லது நீலக் கொக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது டிரம்முக்கு மின்னூட்டம் ஏற்றும் கொரோனா கம்பியைத் துடைப்பதற்கானது. இடமும் வலமுமாக எட்டுப் பத்துமுறை ஓட்டி, அம்புக்குறி போட்ட பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்துங்கள். மறந்து நடுவில் விட்டால் பக்கம் நெடுகக் கறுப்புப் பட்டை விழும்.

அடுத்தது தாள் இழுக்காத பிரச்சினை. நீங்கள் ஒன்றாகச் சொன்னாலும் இது இரண்டு குறை. தாளே வராமல் திணறினால் குற்றவாளி பிக்கப் ரோலர். இரண்டு மூன்றாக வந்தால் அதற்கு எதிரில் இருக்கும் செபரேஷன் பேட். இரண்டும் ரப்பரும் கார்க்குமான சிறிய பாகங்கள். தாள் தூசி படிந்து வழவழப்பாகிவிட்டால் பிடிமானம் போய்விடும். தட்டை முழுதாக வெளியே இழுத்து, நூல் உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து, ரோலரைச் சுழற்றியபடியே துடையுங்கள். துணியில் சாம்பல் நிற அழுக்கு வருவது நிற்கும்வரை துடைத்தால் பளபளப்புப் போய் ரப்பர் மங்கலாகத் தெரியும். பேடையும் அப்படியே துடைத்து, இரண்டையும் உலரவிட்டுத் தட்டைப் போடுங்கள். ஒரு வாரத்தில் மறுபடி திணறினால் ரோலரும் பேடும் சேர்ந்த செட்டை மாற்றிவிடலாம். உப்புக் காகிதத்தால் உரசுவதைச் சிலர் சொல்லித் தருவார்கள். தற்காலிகமாகப் பிடிக்கும், ஆனால் ரப்பர் உருளை வட்டம் குலைந்து சீக்கிரமே கெட்டுவிடும்.

இதில் பாதிப் பழியைத் தாள் மேல்தான் போடவேண்டும். ஈரம் ஏறிய தாள் ஒட்டிக்கொண்டு இரட்டையாகப் போகும், ஃபியூசரில் சுருளும், டோனரையும் சரியாகப் பிடிக்காது. 75 அல்லது 80 ஜிஎஸ்எம் தாளைப் பயன்படுத்துங்கள். கட்டைப் பிரித்தபின் மீதியை அதன் உறையிலேயே மடித்துக் கிடையாக வையுங்கள். தட்டில் ஓரிரு நாளுக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள். போடுமுன் விசிறிபோல் ஒருமுறை விரித்துத் தட்டி, பக்க வழிகாட்டிகளைத் தாளை லேசாகத் தொடுமளவு மட்டும் நெருக்குங்கள். தாளின் ஒரு பக்கம் இயல்பாகவே வளையும். வளைவு ஒத்துவராமல் சிக்கினால் கட்டைத் திருப்பிப் போட்டாலே பலமுறை சரியாகிவிடும்.

ஸ்கேல் பதில் சொல்லாத குறைகளும் உண்டு: மங்கல், நிழல், அழிந்துபோகும் எழுத்து. அதற்குப் பழுது பார்ப்பவர்கள் செய்யும் ஒரு சோதனையை நீங்களும் செய்யலாம். அச்சாகிக்கொண்டிருக்கும்போது, தாள் பாதி தூரம் போன நேரத்தில் மூடியைத் திறந்து நிறுத்திவிடுங்கள். தாளை மெல்ல எடுத்துப் பாருங்கள். ஃபியூசருக்குள் போகாத பகுதியில் எழுத்து தெளிவாக இருந்து, போன பகுதியில் கெட்டிருந்தால் குறை ஃபியூசரில். டிரம்மின் மேல் படிந்த எழுத்து அருமையாக இருந்தும் தாளில் மங்கலாக இருந்தால், டோனரை டிரம்மிலிருந்து தாளுக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் ரோலரில் குறை. டிரம்மிலேயே மங்கல் என்றால் டோனர், டிரம், லேசர் இவற்றின் பக்கம் தேடவேண்டும். எடுக்கும் தாளில் டோனர் உருகாமல் தூளாகவே இருக்கும், உதறிவிடாதீர்கள். அந்தக் கறுப்புப் பஞ்சு போன்ற டிரான்ஸ்ஃபர் ரோலரை விரலால் தொடவும் கூடாது. கையின் எண்ணெய் பட்ட இடம் தாளில் வெளுத்துத் தெரியும்.

தேய்த்தால் எழுத்து உதிர்கிறதா? ஃபியூசரைப் பழி சொல்லுமுன், கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில் தாள் வகையைப் பாருங்கள். கனமான தாளைப் போட்டுவிட்டுச் சாதாரணத் தாள் என்று விட்டிருந்தால் சூடு போதாது. நெடுக வெள்ளைக் கோடு என்றால் டோனர் தீரப்போகிறது. கார்ட்ரிட்ஜைக் கிடையாகப் பிடித்துப் பக்கவாட்டில் ஐந்தாறு முறை ஆட்டிப் போடுங்கள், அப்படியும் கோடு போகாவிட்டால் லேசர் கண்ணாடியில் தூசி. தாளின் பின்பக்கம் அழுக்கானால், ஃபியூசரில் தாளை அழுத்தும் பிரஷர் ரோலரையோ டிரான்ஸ்ஃபர் ரோலரையோ சந்தேகியுங்கள்.

ஃபியூசர் நீண்டகாலம் உழைக்கும் பாகம். பெரிய அலுவலக மாதிரிகளில் இரண்டு லட்சம் பக்கத்தை ஒட்டித்தான் அதை மாற்றச் சொல்கிறார்கள். வயதால் கெடுவதைவிட நாம் கெடுப்பதே அதிகம். இங்க்ஜெட்டுக்கான பளபளப்புத் தாளும் சாதாரணப் பிளாஸ்டிக் ஷீட்டும் அந்தச் சூட்டில் உருகி உருளையில் ஒட்டிவிடும். லேபிளானால் லேசருக்கென்று வரும் முழுத் தாளை மட்டும் ஒரே முறை ஓட்டுங்கள். சில லேபிள்களை உரித்தபின் மீதியை மறுபடி அனுப்பினால் பசை உள்ளே போகும். உங்கள் புள்ளியின் பிறப்பிடமும் அப்படி ஒன்றாக இருக்கலாம். தாள் சிக்கினால் மின்சாரத்தை அணைத்துச் சற்று ஆறவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, தாள் ஓடும் திசையிலேயே இழுங்கள். கத்திரி, இடுக்கி, ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகவே கூடாது. ஃபியூசரில் உள்ள மெல்லிய ஃபிலிம் கிழிந்தால் அதைத் தைக்க முடியாது. கிழிந்த தாளை வெளியே வைத்துப் பொருத்திப் பாருங்கள். ஒரு மூலை குறைந்தாலும் அது சென்சாரின் மேல் உட்கார்ந்து, இல்லாத ஜாமைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

டோனர் நிரப்பிப் பயன்படுத்துவது தவறல்ல, ஆனால் அந்த மாதிரிக்கான தூளாக இருக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் உருகும் சூடும் மின்னூட்டத் தன்மையும் வேறு. பொருந்தாத தூள் பின்னணியைச் சாம்பலாக்கும், இல்லையென்றால் ஃபியூசரில் ஒட்டும். தாளுக்குப் போகாமல் மிஞ்சி ஒதுங்கிய வேஸ்ட் டோனரைத் திரும்பக் கொட்டி நிரப்புவதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் தாள் தூசி கலந்திருக்கிறது. கார்ட்ரிட்ஜ் பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை ஐஎஸ்ஓ/ஐஈசி 19752 முறைப்படி, பக்கத்தில் சுமார் 5 சதவீதம் கறுப்பு என்ற அளவில் வருவது. படமும் கட்டமும் நிறைந்த தாளானால் அதில் பாதிகூடக் கிடைக்காது. தூள் சிந்தினால் உலர்ந்த துணி, பிறகு குளிர்ந்த நீர். வெந்நீர் பட்டால் துணியோடு ஒட்டிவிடும். வீட்டு வாக்குவம் கிளீனர் இந்த நுண்துகளைப் பிடிக்காமல் பின்பக்கமாக அறை முழுதும் ஊதிவிடும்.

மின்சாரத்தில் ஒன்று: ஃபியூசர் சூடேறும் நொடியில் பல நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் சிறிய யுபிஎஸ்ஸில் செருகாமல் நேராகச் சுவரில் செருகுங்கள்.

எந்திரம் திடமாக இருந்தும் பிரிண்டர் ஓரங்கட்டப்படுவது டிரைவரால்தான். கம்ப்யூட்டரே பக்கத்தை உருவாக்கி அனுப்பும் மலிவு மாதிரிகள், தயாரிப்பாளர் டிரைவரை நிறுத்தியபின் புதிய கம்ப்யூட்டரில் பேச்சிழந்துவிடலாம். விண்டோஸ் அப்டேட் வழியே பிற நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களைத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்டும் 2023-ல் அறிவித்தது. பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழிகள், ஏர்பிரிண்ட் என்ற பொது அச்சு முறை இவற்றில் ஒன்றாவது தெரிந்த பிரிண்டருக்கு இந்தக் கவலை குறைவு. 1984-ல் வந்த முதல் ஹெச்பி லேசர்ஜெட் பேசியதும் பிசிஎல்தான். அந்த மொழியின் வழிவந்தவை இன்றும் ஓடுகின்றன. உங்களுடையது எந்த ரகம் என்று தகவல் பக்கத்தை அச்சிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தப் பக்கமும் டிரம்மின் மீதி ஆயுளும்கூட அதிலேயே இருக்கும்.

அளந்தது 94 வந்து, பஞ்சுக்குச்சிக்கும் புள்ளி மசியவில்லை என்றால் புது டிரம் போடுங்கள். அளவு ஃபியூசரைக் காட்டினால், ஃபியூசரின் விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். புதுப் பிரிண்டரின் பாதி விலைக்கு மேல் போனால் பழுது பார்ப்பவர் சொன்னதே சரி. லேசர் யூனிட்டோ மெயின் போர்டோ போனாலும் அப்படித்தான். டிரம் மாற்றியதும் கையேட்டில் உள்ளபடி டிரம் கவுண்டரை ரீசெட் செய்யுங்கள். டோனர் மட்டும் மாற்றும் நாளில் அதைத் தொடாதீர்கள். தொட்டால், தேய்ந்த டிரம்மைப் புதியது என்று பிரிண்டர் எண்ணத் தொடங்கிவிடும்.