வாசகர் கேள்விகள்: முடிவு தெரிந்த உளவுப் படங்கள்

பழைய உளவுப் படங்களை இரவு நேரங்களில் ஒவ்வொன்றாக மறுபடி பார்த்து வருகிறேன் என்றும், பார்க்கும்போது தோன்றுவதை ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன் என்றும் சென்ற இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். உருப்படியான எத்தனையோ விஷயங்களை எழுதியபோது வராத கடிதங்கள், இந்த ஒரு வரிக்கு வந்து குவிந்துவிட்டன. ஆகவே இம்முறை பகுதி முழுவதும் அவற்றுக்கே.

யார் கெட்டவன், யார் சாவான், குண்டு வெடிக்குமா வெடிக்காதா என்பதெல்லாம் முன்பே தெரிந்த படத்தை மறுபடி பார்ப்பதில் என்ன சுவை இருக்க முடியும்?
– வாசகர், திண்டுக்கல்

முதல் முறை பார்க்கும்போது நாம் கதாநாயகனின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறோம். அவனுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. தெரிந்தாலும் நின்று பார்க்க நேரமில்லை. மறுமுறை ஓட வேண்டிய அவசியம் இல்லாததால், காத்துக்கொண்டு நிற்பவன் மீது கண் போகிறது. உளவுப் படத்தின் நல்ல பகுதிகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

1963இல் வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் பாண்ட் என்னும் பிரிட்டிஷ் உளவாளியைக் கொல்ல அனுப்பப்படும் கிரான்ட் என்னும் கொலைகாரனாக ராபர்ட் ஷா நடித்திருக்கிறார். படத்தின் பெயர் திரையில் வருவதற்கு முன்பே அவர் வந்துவிடுகிறார். கைக்கடிகாரத்திலிருந்து இழுக்கும் மெல்லிய கம்பியையும் அப்போதே காட்டிவிடுகிறார்கள். ஆனால் படம் பாதியைத் தாண்டி, ரயில் ஜாக்ரெப் நிலையத்தை அடையும்வரை அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதுவரை இஸ்தான்புல்லில் பாண்ட் போகும் இடமெல்லாம் சற்று எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நாடோடிகளின் முகாமில் நடக்கும் சண்டையில், பாண்டைப் பின்னாலிருந்து தாக்க வருபவனைச் சுட்டு வீழ்த்துவதும் இவர்தான். கொல்லப்போகிறவனே காவல் காக்கிறான், ஏனென்றால் சாவதற்கு இன்னும் வேளை வரவில்லை. பெல்கிரேடு நிலையத்தில் பாண்ட் நடைமேடையில் நடக்க, ரயிலுக்குள்ளே கிரான்ட் அதே வேகத்தில் ஜன்னல் ஜன்னலாக நடந்து வருகிறார். சிறுவயதில் இதே படத்தை இரண்டு முறை பார்த்தும் அந்த ஜன்னல்களில் யார் போகிறார் என்று நான் கவனித்ததே இல்லை. என் கண் முழுவதும் பாண்டின் கோட்டின் மீதுதான் இருந்திருக்கிறது.

பிறகு அந்தச் சாப்பாட்டு மேசை. பிரிட்டிஷ் உளவாளி என்று பொய் சொல்லி உடன் அமர்ந்திருக்கும் கிரான்ட், மீன் உணவுக்குச் சிவப்பு ஒயின் கேட்கிறார். அந்தக் கால ஆங்கிலேய மேட்டுக்குடி வழக்கப்படி மீனுக்கு வெள்ளை ஒயின்தான். பந்தியில் பாயசம் குடித்து முடித்தபின் மறுபடி சாம்பார் கேட்பவனை நம்மூர்ப் பரிமாறுபவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப்பட்ட பிழை அது. பாண்ட் அதைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டுவிட்டு, பின்னர் துப்பாக்கி முனையில் மண்டியிட்டிருக்கும்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறான். அதற்குப் பின் வரும் பெட்டிக்குள் நடக்கும் சண்டையில் இசையே கிடையாது. தண்டவாளச் சத்தமும் கண்ணாடி உடைவதும் மூச்சிரைப்பும் மட்டுந்தான். முடிவு தெரிந்தும் என் கை நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது என்றால் நம்புவீர்களா, தெரியவில்லை.

பாண்ட் படங்களின் தொடக்கத்தில் துப்பாக்கிக் குழலுக்குள் நடந்து வந்து நம்மை நோக்கிச் சுடுபவர் ஷான் கானரிதானே? நண்பருடன் பந்தயம் கட்டியிருக்கிறேன்.
– வாசகர், ஈரோடு

எந்தப் படம் என்று குறிப்பிட்டுப் பந்தயம் கட்டியிருந்தால் தப்பிக்க வழி உண்டு. முதல் மூன்று படங்களில், அதாவது 1962 முதல் 1964 வரை, நடந்து வருபவர் பாப் சிம்மன்ஸ் என்னும் சண்டைக் கலைஞர். 1965இல் 'தண்டர்பால்' அகலத்திரையில் எடுக்கப்பட்டதால் பழைய காட்சி பொருந்தவில்லை. அதற்காகப் புதிதாக எடுத்தபோதுதான் கானரியே வந்து நின்றார்.

இன்னொன்றும் சொல்கிறேன், அடுத்த பந்தயத்துக்கு உதவும். 'டாக்டர் நோ'வில் கடலிலிருந்து எழுந்து வரும் உர்சுலா ஆண்ட்ரஸ் பேசுவது அவருடைய குரல் அன்று. நிக்கி வான் டெர் ஜில் என்னும் பெண்மணியின் குரல். 'கோல்ட்ஃபிங்கர்' வில்லனாக வந்த ஜெர்மானிய நடிகர் கெர்ட் ஃப்ரோபேவுக்கும் ஆங்கிலம் சரளமாக வராததால் மைக்கேல் காலின்ஸ் என்பவர் குரல் கொடுத்தார். கதாநாயகிக்கு ஒருவர், குரலுக்கு ஒருவர் என்று நம் படங்களைக் கேலி செய்பவர்கள் வீட்டுக்கு வந்தால் இந்த இரண்டையும் போட்டுக் காட்டலாம்.

அந்தப் படங்களில் வரும் இடங்களெல்லாம் உண்மையா? 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் வரும் தங்கக் கிடங்குக்குள் எப்படி அனுமதி வாங்கினார்கள்?
– வாசகி, கும்பகோணம்

வாங்கவில்லை. கென்டக்கி மாநிலத்து ஃபோர்ட் நாக்ஸ் கிடங்கின் உள்ளே படக்குழுவை யாரும் விடவில்லை. ஆகவே கலை இயக்குநர் கென் ஆடம் தம் மனத்தில் இருந்த கிடங்கை இங்கிலாந்தின் பைன்வுட் படப்பிடிப்புத் தளத்தில் கட்டினார். கம்பிக் கதவுகளுக்குப் பின்னால், பல ஆள் உயரத்துக்குத் தங்கக் கட்டிகள் அடுக்கடுக்காக மின்னும். சற்று யோசித்தால் அப்படி அடுக்க முடியாது. ஒரு கட்டி ஏறத்தாழ 12.4 கிலோ, தங்கம் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனமானது, அவ்வளவு உயரத்துக்கு அடுக்கினால் தரை என்னவாகும், அதை யார் ஏறி எடுப்பார்கள்? ஆனால் கிடங்கு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நம் ஆசை சொல்கிறதோ அதைத்தான் ஆடம் கட்டினார். உண்மையான கிடங்கைப் படம் பிடித்திருந்தால் நமக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கென் ஆடம் 1921இல் பெர்லினில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் போர் விமானியாக இருந்தார். 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' (1967) படத்துக்காக எரிமலையின் வயிற்றுக்குள் ராக்கெட் தளம் கட்டியதும் இவரே. அதற்கு ஏறக்குறைய 10 லட்சம் டாலர் ஆனது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அதுவன்று. 'டாக்டர் நோ'வில், பணம் கையைக் கடித்த நிலையில் அவர் அமைத்த ஓர் அறை. ஏறக்குறைய வெற்று அறை. ஒரு நாற்காலி, ஒரு மேசை, மேலே வட்டமான கம்பி வலை, அதன் நிழல் தரையில். வில்லன் அங்கே இல்லை, குரல் மட்டும் வருகிறது. அந்த நிழலுக்குள் நிற்கும் மனிதனின் நெற்றி வியர்ப்பதைப் பார்த்தால் நமக்கும் வியர்க்கிறது. எரிமலையைக் கட்டப் பணம் வேண்டும். இதற்கு வேண்டியது வேறு.

அதே படத்தில், விருந்துக்குப் போகும் வழியில் பாண்ட் ஓர் ஓவியத்தைக் கண்டு திடுக்கிட்டு நிற்பான். கோயா வரைந்த வெலிங்டன் பிரபுவின் படம் அது. 1961இல் லண்டன் தேசிய ஓவியக்கூடத்திலிருந்து உண்மையிலேயே திருடு போயிருந்தது. படம் வெளிவந்தபோது கொட்டகையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்தச் செய்தி தெரியும்; ஆகவே சிரித்திருப்பார்கள். 1965இல் ஓவியம் திரும்பக் கிடைத்துவிட்டது. இன்று பார்ப்பவருக்கு யாராவது பக்கத்தில் இருந்து சொன்னால்தான் அந்த நகைச்சுவை உண்டு.

தவறுகளைக் கண்டுபிடிப்பதற்கென்றே மறுபடி பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்களும் அந்தக் கட்சிதானா?
– வாசகர், நாகர்கோவில்

தேடிப் போவதில்லை; வந்து விழுந்தால் விடுவதுமில்லை. 'கோல்ட்ஃபிங்கர்' முடிவில் அணுகுண்டின் கடிகாரம், பாண்டின் இரகசிய எண்ணான 007இல் நிற்கிறது. ஆனால் அடுத்த நொடியே பாண்ட், இன்னும் மூன்று நொடி போயிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும் என்கிற பொருளில் பேசுகிறான். முதலில் 003இல் நிற்பதாகத்தான் எடுத்திருந்தார்கள். பிறகு எண்ணை மாற்றியவர்கள் வசனத்தை மாற்றவில்லை. 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' (1971) படத்தில், லாஸ் வேகஸ் நகரத்துக் குறுகிய சந்துக்குள் ஒரு சிவப்புக் கார் ஒருபக்கச் சக்கரங்களில் சாய்ந்து நுழைந்து, மறுபக்கச் சக்கரங்களில் சாய்ந்து வெளியே வருகிறது. இடையில் கார் பக்கம் மாறுவதுபோல் ஒரு துண்டுக் காட்சியைச் செருகிச் சமாளித்திருக்கிறார்கள். சந்தின் அகலத்தைப் பார்த்தால் அந்தச் சமாளிப்புதான் தவறைவிடப் பெரிய வேடிக்கை.

எல்லாவற்றிலும் எனக்கு உயிரானது ஹிட்ச்காக் இயக்கிய 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில் இருக்கிறது. மவுன்ட் ரஷ்மோர் சிற்றுண்டிச்சாலையில் கதாநாயகி துப்பாக்கியை எடுக்கப்போகிறாள், யாருக்கும் தெரியாது. பின்னால் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுவன் மட்டும், வெடிச் சத்தம் வருவதற்குச் சில நொடிகள் முன்னதாகவே இரண்டு காதுகளையும் விரல்களால் பொத்திக்கொள்கிறான். ஒத்திகையில் சத்தம் கேட்டுப் பயந்த பிள்ளையாக இருக்க வேண்டும். ஒருமுறை பார்த்துவிட்டால் அதன்பின் கதாநாயகனும் கதாநாயகியும் அந்தக் காட்சியில் இருப்பதே தெரியாது.

பாண்டைத் தவிர வேறு உளவாளிகளே இல்லையா?
– வாசகி, திருநெல்வேலி

உங்கள் கேள்வியில் தொனிக்கும் சலிப்பு எனக்கும் வருவதுண்டு. அப்போதெல்லாம் 1965ஆம் ஆண்டுக்குப் போகிறேன். பாண்ட் 'தண்டர்பால்' படத்தில் கடலுக்கடியில் நீந்திக்கொண்டிருந்த அதே ஆண்டில், 'தி இப்கிரஸ் ஃபைல்' வந்தது. வேடிக்கை என்னவென்றால் அதைத் தயாரித்தவர், பாண்ட் படங்களின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஹாரி சால்ட்ஸ்மன். இசை ஜான் பாரி, கலை கென் ஆடம், படத்தொகுப்பு பீட்டர் ஹன்ட் என்று சமையற்காரர்கள் அனைவரும் அங்கிருந்து வந்தவர்கள். சமைத்தது மட்டும் முற்றிலும் வேறு. மைக்கேல் கெய்ன் நடித்த ஹாரி பாமர், அலாரம் அடித்து எழுகிறான். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டும்வரை நமக்கும் எல்லாம் மங்கலாகவே தெரிகிறது. பிறகு காப்பிக்கொட்டையை அரைக்கிறான். இவனுக்குச் சம்பள உயர்வு கிடைத்தால் புதிய சமையல் அடுப்பு வாங்கலாம் என்கிற மகிழ்ச்சி. வேவு பார்த்ததற்கெல்லாம் படிவம் நிரப்ப வேண்டிய எரிச்சல். மேலதிகாரி இவனைச் சந்திப்பது ஒரு பல்பொருள் அங்காடியில், தள்ளுவண்டியோடு. இரகசியத்துக்கு நடுவே டப்பாவில் அடைத்த காளானின் விலையைப் பற்றியும் பேச்சு வருகிறது. ஒற்றைக் கையால் முட்டை உடைக்கும் நெருக்கமான காட்சியில் தெரியும் கைகள் கெய்னுடையவை அல்ல. மூல நாவலை எழுதிய லென் டெய்டனுடையவை. அவர் சமையற்கலையும் எழுதியவர்.

அதே ஆண்டில் வந்த இன்னொன்று, 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்'. ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த கறுப்பு வெள்ளைப் படம். தொடக்கத்தில் பெர்லின் எல்லைச் சாவடி, இரவு, ஈரமான சாலை. கிழக்கிலிருந்து தப்பி வரவேண்டிய ஒருவனுக்காகப் பர்ட்டன் காத்திருக்கிறார். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான், சோதனை முடிகிறது, ஏறி மிதிக்கத் தொடங்குகிறான். பிறகு நடப்பதை நான் சொல்லப்போவதில்லை. அந்தச் சாவடி பெர்லினில் இல்லை, அயர்லாந்தின் டப்ளின் நகரத்துச் சந்தைத் திடலில் போடப்பட்ட செட். இது தெரிந்தும் குளிர் குறையவில்லை. மூலக்கதையை எழுதிய ஜான் லெ காரே பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்தவர் என்பது அந்தக் களைத்துப்போன முகங்களைப் பார்த்தால் புரியும்.

இந்தியாவில் எடுத்த பாண்ட் படத்தைப் பற்றி நோட்டில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?
– வாசகர், சென்னை

பெருமை பாதி, நெளிவு பாதி. 1983இல் வந்த 'ஆக்டோபஸ்ஸி'யின் இந்தியக் காட்சிகள் பெரும்பாலும் உதய்ப்பூரில் எடுக்கப்பட்டன. உங்கள் ஊர்க்காரரான டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், தம் சொந்தப் பெயரிலேயே பாண்டின் உதவியாளராக வருகிறார். மகுடியில் பாண்ட் இசையையே வாசிக்கிறார். துரத்தல் காட்சியில் மட்டையால் எதிரிகளை அடிக்க, சுற்றி நிற்கும் கூட்டத்தின் தலைகள் டென்னிஸ் பார்ப்பதுபோல் இடமும் வலமும் திரும்புகின்றன. திரையரங்கில் அதற்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் சூதாட்டத்தில் வென்ற பணத்தில் ஒரு கட்டை இந்திய உதவியாளரிடம் கொடுத்து, சில வாரங்களுக்குக் கறிக்குழம்புக்கு ஆகும் என்று ரோஜர் மூர் சொல்லும் வரிக்கும் அன்று சிரித்திருக்கிறேன். இம்முறை அந்த இடம் வந்ததும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன்.

பதினான்கு வயது மகனுக்கு எதிலிருந்து தொடங்கிக் காட்டலாம்?
– வாசகி, மதுரை

'நார்த் பை நார்த்வெஸ்ட்'டிலிருந்து தொடங்குங்கள். ஆள்மாறாட்டம், ரயில், வெட்டவெளியில் துரத்தும் விமானம் என்று அந்த வயதுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. சிற்றுண்டிச்சாலைக் காட்சி வரும்போது மட்டும், தயவுசெய்து, ஒன்றும் சொல்லாதீர்கள். இரண்டாவது முறை பார்க்கும்போது அந்தச் சிறுவனை அவனே கண்டுபிடித்து உங்களுக்குக் காட்டட்டும்.