குதிகால் எலும்பு முறிவும் சிறு கீறல் அறுவையும்: கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் சாரத்திலிருந்து விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. சின்ன வெட்டிலேயே சரிசெய்யலாம் என்கிறார்கள், நம்பலாமா டாக்டர்?

பதில்: நம்பலாம் அம்மா. குதிகாலின் வெளிப்பக்கத் தோலுக்கு அடியில் சதையே கிடையாது. பழைய முறையில் அங்கே எல் வடிவத்தில் பெரிதாகத் திறப்பார்கள், சிலருக்கு அந்த வெட்டின் மூலை கறுத்துச் சீழ் பிடித்துவிடும். இப்போது வெளிக்கணுக்காலுக்குக் கீழே மூன்று, நான்கு செ.மீ. மட்டும் திறந்து, அமுங்கிப்போன மூட்டுப் பரப்பைக் கண்ணால் பார்த்தே தூக்கி நிறுத்தி ஸ்க்ரூவோ சின்ன பிளேட்டோ போடுகிறோம். ஆனால் சிடி ஸ்கேன் பார்க்காமல் யாரும் முடிவு சொல்லக்கூடாது. மூட்டு இரண்டு, மூன்று துண்டானால் இந்த முறை நன்றாகப் பொருந்தும், அதற்கு மேல் சிதறியிருந்தால் வேறு யோசனை வேண்டும். இரண்டு வாரத்துக்குள் செய்வது நல்லது, அப்புறம் துண்டுகள் ஒட்டத் தொடங்கிவிடும். முதுகு வலிக்கிறதா என்றும் கேளுங்கள், உயரத்திலிருந்து விழுந்தவர்களுக்கு முதுகெலும்பும் சேர்ந்து உடைந்திருக்கலாம். பீடி பிடிப்பவரானால் இன்றே நிறுத்தட்டும்.

கேள்வி: எப்போது நடக்கலாம்?

பதில்: பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை காலை ஊன்றக்கூடாது. எக்ஸ்ரே பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

கேள்வி: 2014இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், அறுவை செய்தவர்களும் செய்யாதவர்களும் இரண்டு வருடம் கழித்து ஒரே நிலையில்தானே இருந்தார்கள்? பிறகு ஏன் ஏழைகளைச் செலவு செய்ய வைக்கிறீர்கள்?

பதில்: நல்ல கேள்வி, அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். 151 பேர், அறுவை செய்தவர்களுக்குத்தான் சிக்கல்களும் அதிகம். ஆனால் அங்கே செய்தது அந்தப் பெரிய எல் வெட்டு. குதிகால் மிக மோசமாக உருமாறியவர்களை ஆய்வில் சேர்க்கவும் இல்லை. அதை வைத்துச் சிறு கீறலே வீண் என்று சொல்ல முடியாது.

கேள்வி (அவரே): அப்படியானால் சிறு கீறலால் பின்னாளில் வலியே வராதா?

பதில்: அப்படி நான் சொல்லவே இல்லை. புண் சிக்கல் குறைகிறது, அதுதான் லாபம். குருத்தெலும்பு நசுங்கியிருந்தால் எந்த வெட்டானாலும் மூட்டுத் தேய்மானம் வரலாம். எலும்பு விலகாதவருக்கு அறுவையே வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்.

கேள்வி: சர்க்கரை 280, சிகரெட்டும் உண்டு. அடுத்த வாரம் ஆபரேஷன்.

பதில்: முதலில் சர்க்கரையைக் குறையுங்கள். சிகரெட்டை விடுங்கள், மறுபடியும் சொல்கிறேன்.

கேள்வி: எப்போது நடக்கலாம் சார்?

பதில்: மேலே இருக்கிறது, படியுங்கள்.

கேள்வி: விழவே இல்லை, காலையில் எழுந்ததும் குதிகால் குத்துகிறது.

பதில்: அது முறிவு மாதிரி தெரியவில்லை, பாதத்தின் அடிச்சவ்வு வலியாக இருக்கலாம். நேரில் காட்டுங்கள்.

கேள்வி: வீக்கத்தின் மேலேயே மூங்கில் பட்டை வைத்து நாட்டுக்கட்டு போட்டிருக்கிறோம்.

பதில்: உடனே அவிழுங்கள். இறுக்கினால் கொப்புளம் கிளம்பும், ரத்த ஓட்டமும் தடைபடும். காலை உயர்த்தி வைத்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: அண்ணனுக்கு உடைந்த துண்டு பின்பக்கம் துருத்திக்கொண்டு, அங்கே தோல் வெளுத்திருக்கிறது. டாக்டர் திங்கட்கிழமைதான் வருவாராம்.

பதில்: திங்கள் வரை காத்திருக்காதீர்கள். துண்டு உள்ளிருந்து அழுத்துவதால் அந்தத் தோல் செத்துக்கொண்டிருக்கிறது. இன்றிரவே எலும்பு மருத்துவர் பணியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.