பேராசிரியர்கள் வாய் திறக்கலாமா?

வணக்கம் சார்,

சட்டம் படிக்கிறேன், நான்காம் ஆண்டு. எங்கள் பேராசிரியர் ஒருவர், பெரிய தீர்ப்பு எது வந்தாலும் அன்று மாலையே டிவி விவாதத்தில் உட்கார்ந்திருப்பார். இன்னொருவருக்கு அது பிடிக்காது. "நம் வேலை ஆய்விதழில் எழுதுவது, அதோடு சரி" என்பார். ஆனால் அவர் எழுதியதை மாணவர்கள் நாங்களே படித்ததில்லை. இதில் யார் பக்கம் நியாயம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள மாணவிக்கு,

மதுரா வழக்கு உங்கள் பாடத்தில் வந்திருக்கும். 1972-ல் மகாராஷ்டிரத்தில் மதுரா என்ற பழங்குடிச் சிறுமியைக் காவல் நிலையத்துக்குள்ளேயே வன்கொடுமை செய்ததாக வழக்கு. உயர் நீதிமன்றம் தண்டித்த இரு காவலர்களையும் 1978-ல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போட்டாள் என்பதை நம்ப முடியவில்லை, ஆகவே அவள் இணங்கித்தான் இருக்க வேண்டும் என்று போனது தீர்ப்பு.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்று சட்டம் கற்பிக்கும் நான்கு பேர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். தேடிப் படியுங்கள். கோபம் நிறையவே இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் தீர்ப்பின் வரிகளை விட்டு விலகுவதே இல்லை. காவல் நிலையத்துக்குள் இரண்டு போலீஸ்காரர்களிடம் மாட்டிக்கொண்ட பதினாலு, பதினாறு வயதுப் பெண் கத்தி ஆளைக் கூட்டியிருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். சம்மதிப்பவர் பணிகிறார் என்பது சரி, பணிந்தவரெல்லாம் சம்மதித்தவர் ஆவாரா என்று கேட்கிறார்கள். வகுப்பில் நடத்துகிற பாடம்தான் இது. அதை நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றத்துக்கே நடத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

தீர்ப்பு மாறவில்லை. ஆனால் மடலைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின, 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண் 'நான் சம்மதிக்கவில்லை' என்று சாட்சி சொன்னால் நீதிமன்றம் அதை அப்படியே அனுமானிக்க வேண்டும் என்ற பிரிவு அப்போது வந்ததுதான்.

ஆய்விதழோடு நிற்கும் உங்கள் பேராசிரியருக்கும் ஆதரவாக ஒரு கதை உண்டு. 1965-ல் டீட்ரிக் கான்ராட் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் பனாரஸில் ஓர் உரை நிகழ்த்தினார். அரசியல் சாசனத்தைத் திருத்தும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு மொகலாய சக்கரவர்த்தி ஆட்சியைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று அதில் கேட்டார். கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் அந்த வாதத்தை, அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் திருத்த முடியுமா என்று பார்த்த கோலக்நாத் வழக்குக்குக் கொண்டுபோனார். 1973-ல் கேசவானந்த பாரதி தீர்ப்பில் 'அடிப்படைக் கட்டமைப்பு', அதாவது சாசனத்தின் அடிப்படையையே திருத்தம் என்ற பெயரில் அழிக்க முடியாது என்ற கோட்பாடு, பிறந்ததில் கான்ராடுக்கும் பங்கு உண்டு. டிவி இல்லாமலே நடந்தது. ஒரு வித்தியாசம், கான்ராட் சொன்னதை எடுத்துப் படிக்க ஆள் இருந்தது.

எனக்கு ஒவ்வாதது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சரக்கு. நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட நாலு வரி அறிக்கை ஒன்று வரும். அதில் பாதிப் பேர் அந்தத் துறையில் ஒரு பக்கம்கூட எழுதியிருக்க மாட்டார்கள். அப்புறம் இந்த அன்றைக்கே கருத்து சொல்வது. நானூறு பக்கத் தீர்ப்பு காலை பதினொன்றுக்கு வந்தால் மாலை ஆறுக்கு எதை வைத்துப் பேசுகிறார்கள்? மடல் எழுதிய நால்வர் தீர்ப்பு வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் எழுதினார்கள், யாரும் அதைத் தாமதம் என்று தள்ளிவிடவில்லை.

முதலாமவரிடம் தீர்ப்பின் எந்தப் பத்தியை வைத்து அப்படிச் சொன்னீர்கள் என்று கேளுங்கள். இரண்டாமவரின் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, சந்தேகத்தோடு அவர் அறைக்குப் போங்கள். எனக்கென்னவோ அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் தோன்றுகிறது.