அறுநூறு டாலரும் ஆயிரம் இசைத்தட்டும்
கேள்வி – பதில்

இந்த முறை வந்தவை எல்லாம் ஒரே குழுவைச் சுற்றிய கேள்விகள். 1979-இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பள்ளிப் பையன்கள் நான்கு பேர் 'டீன் ஐடில்ஸ்' என்ற பங்க் (வேகமும் கூச்சலுமான ராக் இசை) குழுவைத் தொடங்கினார்கள். 1980 நவம்பரில் கலைத்துவிட்டார்கள். அவர்களுடைய முதல் இசைத்தட்டு, குழு கலைந்த பிறகுதான் வெளிவந்தது.

வாத்தியம் சரியாக வாசிக்கத் தெரியாதவர்கள் மேடை ஏறுவது அநியாயம் இல்லையா? — கும்பகோணம்

டிக்கெட் வாங்கியவர்கள் புகார் சொல்லவில்லை! இயன் மெக்காயும் ஜெஃப் நெல்சனும் வில்சன் உயர்நிலைப் பள்ளியில் சந்தித்தவர்கள். 1979 பிப்ரவரி 3 அன்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில், மூடப்பட்ட மாணவர் வானொலி ஒன்றுக்காக 'கிராம்ப்ஸ்' குழு நடத்திய நிகழ்ச்சிக்குப் போய்வந்த கூட்டத்தில் மெக்காயும் ஒருவர். அந்தக் கோடையில் 'ஸ்லிங்கீஸ்' என்று ஒரு குழு: மெக்காய் பேஸ் கிட்டார், நெல்சன் டிரம்ஸ், ஜியார்டி கிரிண்டில் கிட்டார், மார்க் சல்லிவன் பாட்டு. ஒரே ஒரு நிகழ்ச்சி. சல்லிவன் கல்லூரிக்குப் போய்விட, நேதன் ஸ்ட்ரேசெக் பாட வந்தார். பெயரும் டீன் ஐடில்ஸ் ஆனது.

கிட்டாரில் இரண்டு வாரத்தில் இந்த இசைக்குத் தயாராக முடியும் என்கிறார்களே, எப்படி? — சேலம்

வாசிக்க வேண்டியது பெரும்பாலும் பவர் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஒன்றுதான் என்பதால். மிகத் தடித்த கம்பியில் மூன்றாவது கட்டத்தில் ஆள்காட்டி விரல். அடுத்த கம்பியில் ஐந்தாவது கட்டத்தில் மோதிர விரல். அதற்கடுத்த கம்பியில் அதே ஐந்தாவது கட்டத்தில் சுண்டு விரல். இது மேற்கத்திய இசையில் 'ஜி' என்ற ஸ்வரத்தின் கார்ட். கையின் வடிவத்தை மாற்றாமல் இரண்டு கட்டம் மேலே நகர்த்தினால் ஏ. நம் கணக்கில் சொன்னால் ச, ப, மேல் ச. காந்தாரம் கிடையாது. ஆம்ப்பில் (கிட்டாரின் ஒலிபெருக்கியில்) டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பை ஏற்றினால் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதிப் புதுச் சத்தங்களைக் கிளப்பும். ச-ப உறவு எளிய 2:3 என்பதால் அந்த மோதலிலும் தெளிவாக நிற்கும். காந்தாரம் சேர்ந்தால் குழம்பிவிடும்.

புதியவர்கள் தடுமாறுவது வாசிக்கும் கம்பிகளில் இல்லை, வாசிக்காத மூன்று கம்பிகளில். ஆள்காட்டி விரலின் அடிப்பக்கத்தை அவற்றின்மேல் லேசாகப் படியவிட்டு ஊமையாக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு அடிக்கும் அவையும் சேர்ந்து கத்தும். அடுத்த தொல்லை சுருதி. பலமாக அடிக்கும்போது மெல்லிய கம்பி அடித்த கணத்தில் சுருதி ஏறி, பிறகு இறங்கும். 9 அளவுக் கம்பியைக் கழற்றிவிட்டு 10 அல்லது 11 போடுங்கள். புதுக் கம்பியை நிகழ்ச்சியன்று மாட்டவே மாட்டாதீர்கள். முந்தின நாள் மாட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துவிட்டுச் சுருதி சேர்த்து, மறுபடி இழுத்துவிட்டுச் சேருங்கள். பேஸும் கிட்டாரும் ஒரே ட்யூனரைப் பார்த்துச் சேர்ப்பது முக்கியம். இரண்டும் தனித்தனியே 'சரியாக' இருந்து, சேர்ந்தால் பிசகுவதை அடிக்கடி கேட்கலாம்.

ஒரு நிமிடப் பாட்டு. அவ்வளவு வேகம் எதற்கு? வேகமாக வாசித்தால் குழு சிதறுகிறது. — திருநெல்வேலி

எதற்கு என்றால், அதே வாஷிங்டனில் 'பேட் பிரெய்ன்ஸ்' என்ற குழு இன்னும் வேகமாக வாசித்துக்கொண்டிருந்தது. அவர்கள் கைதேர்ந்தவர்கள். பக்கத்தில் அப்படி ஒரு குழு இருந்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

சிதறுவதற்கு முதல் காரணம், டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தட்டி எண்ணும் அந்த நான்கு தட்டு. மேடைப் பரபரப்பில் அது தானாக வேகம் ஏறிவிடும். அதன்பின் வரிகள் வாயில் அடங்காது. பாடுபவர் முதல் வரியை மனதுக்குள் பாடிப் பார்த்து, அந்த வேகத்தில் தலையசைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தட்டு.

இரண்டாவது காரணம் கை வலி. நிமிடத்துக்கு 180 அடி என்றால், ஹை-ஹாட்டில் (ஜோடித் தாளத் தட்டில்) அரை அடிக்கு ஒன்றாகத் தட்டும் கை நொடிக்கு ஆறு முறை இறங்க வேண்டும். முழங்கையிலிருந்து அடித்தால் இரண்டாவது பாட்டிலேயே கை இறுகிவிடும். மணிக்கட்டும் விரல்களும்தான் வேலை செய்ய வேண்டும். முடியாவிட்டால் ஹை-ஹாட்டை மட்டும் பாதியாக்குங்கள். உதை டிரம்மும் ஸ்நேர் என்ற சின்ன டிரம்மும் மாறி மாறி விழுந்தால் வேகம் குறைந்ததாகவே தெரியாது. பயிற்சியை 120-இல் தொடங்கி, மூன்று முறை பிழையில்லாமல் வந்தபின் ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். பாட்டு நடுவில் எல்லோரும் சட்டென்று நிற்கும் இடங்களைத் தனியே எடுத்து இருபது தடவை செய்யுங்கள். நான்கு பேரும் ஒன்றாக நின்றால், இடையில் நடந்த பிசகு யாருக்கும் நினைவிருக்காது.

வீட்டின் கீழ்த்தளத்தில் பயிற்சி செய்கிறோம். பாட்டு கேட்கவில்லை, மைக்கைக் கூட்டினால் ஹவுலிங். மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கிறது. — கோவை

முதலில் அந்தச் 'சுரீர்'. அது தீரும்வரை வாசிக்காதீர்கள், ஆளைக் கொல்லக்கூடிய விஷயம். கிட்டார் கம்பிகள் ஆம்ப்பின் உடலோடு இணைந்தவை. மைக்கின் கம்பிவலை மைக்செட்டின் உடலோடு. இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லை என்றால், கம்பியில் கையும் மைக்கில் உதடும் வைத்த நீங்கள்தான் நடுவே பாலம். எல்லாவற்றையும் எர்த் வேலை செய்யும் ஒரே மூன்று பின் பிளக்கிலிருந்து எடுங்கள். இரைச்சல் போக வேண்டும் என்று எர்த் பின்னைக் கழற்றுபவரை உள்ளேயே விடாதீர்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை மைக் வலையிலும் மறு முனை கிட்டார் கம்பியிலும் தொடுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். முப்பது, நாற்பது என்று காட்டினாலே மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஹவுலிங் எளிது. டிரம்ஸின் சத்தத்தைக் குறைக்க முடியாது. அதனால் அதுதான் அளவுகோல். மற்றவை அதற்கு மேல் போகக் கூடாது. ஆம்ப்பைத் தரையில் வைத்தால் சத்தம் முழங்காலுக்குப் போகும். வாசிப்பவருக்குக் கேட்காது, அவர் கூட்டிக்கொண்டே போவார். நாற்காலிமேல் ஏற்றி அவர் காதைப் பார்த்துத் திருப்பிவையுங்கள். பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மைக்கின் முதுகுப்புறம் ஸ்பீக்கரைப் பார்க்கட்டும். பங்க் பாடகர்கள் ஸ்டைலுக்காக மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார்கள். பின்பக்கத் துளைகள் அடைபட்டால் மைக் எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கிவிடும். ஊளை அங்கேதான் பிறக்கிறது. கல்யாண வீட்டு மைக்செட்காரர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

கையில் பெரிதாக 'எக்ஸ்' போட்டுக்கொள்கிறார்களே, அது என்ன மதமா? — புதுச்சேரி

கதவு நிர்வாகம்! 1980 ஆகஸ்டில் டீன் ஐடில்ஸ் பேருந்து பிடித்து நாட்டின் மறு கரைக்குப் போனது. சான் பிரான்சிஸ்கோவின் மபுஹே கார்டன்ஸில், மது அருந்தும் வயது வராதவர்கள் என்று அடையாளம் தெரிய அவர்கள் கைகளில் கறுப்பு மையால் எக்ஸ் போட்டார்கள். ஊர் திரும்பியதும் அதே யோசனையை எஃப் தெருவிலிருந்த 9:30 கிளப்பிடம் சொன்னார்கள்: எங்களை உள்ளே விடுங்கள், எக்ஸ் போட்டவனுக்கு ஊற்றாதீர்கள். சிறுவர்களும் பார்க்கும் நிகழ்ச்சிகளுக்கு அப்படித்தான் வழி பிறந்தது. மதுவே வேண்டாம் என்பவர்களின் சின்னமாக அது மாறியது பிற்பாடு.

அந்தப் பயணத்தில் எவ்வளவு சம்பாதித்தார்கள்? — நாகர்கோவில்

லாஸ் ஏஞ்சலிஸில் 15 டாலர். சான் பிரான்சிஸ்கோவில் 11.

அப்படியானால் இசைத்தட்டுக்குப் பணம் ஏது? — மதுரை

எங்களைக் கேட்டால் இந்தக் குழு செய்த ஒரே பெரிய காரியம் இதுதான்: ஓராண்டு வருமானத்தை யாரும் பங்கு பிரித்துக்கொள்ளவில்லை. கலைந்தபோது பொதுவில் சுமார் 600 டாலர் இருந்தது. நான்காக வகுத்தால் ஆளுக்கு 150. சில மாதங்களில் கரைந்திருக்கும். பாட்டுகள் ஏற்கெனவே பதிவாகிக் கிடந்தன. ஆர்லிங்டனில் டான் சியெண்டாரா தன் வீட்டிலேயே நடத்திய 'இன்னர் இயர்' என்ற நான்கு டிராக் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிந்தவை. ராக்வில்லில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஸ்கிப் கிராஃப் ஏற்கெனவே தட்டு வெளியிட்டவர். எப்படி அடிப்பது என்று அவர்தான் வழிகாட்டினார். 'டிஸ்கார்ட்' என்று ஒரு நிறுவனப் பெயர் வைத்து, 7 அங்குலத் தட்டில் எட்டுப் பாட்டு, 1000 பிரதி. 600-ஐ 1000-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒரு தட்டுக்கு 60 சென்ட்.

நான்கு டிராக் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒலியைத் தனித்தனியே பதியத் தடம் நான்குதான். டிரம்ஸ், பேஸ், கிட்டார், பாட்டு என ஒன்றுக்கு ஒன்று வைத்தாலே தீர்ந்துவிடும். டிரம்ஸின் மூன்று நான்கு மைக்கும் ஒரே டிராக்கில் கலந்து விழுவதால், ஸ்நேர் குறைவு என்று பின்னால் அழுது பயனில்லை. முதல் பாட்டைப் பதிந்து, முழுதாகப் போட்டுக் கேட்டு, மைக்கை நகர்த்திவிட்டுத்தான் இரண்டாவதைத் தொட வேண்டும்.

7 அங்குலத்தில் எட்டுப் பாட்டு எப்படி அடங்கும்? அடிக்கக் கொடுத்தால் எதைக் கவனிப்பது? — தஞ்சாவூர்

நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஒரு பக்கத்துக்கு நான்கரை நிமிடம்வரை நல்ல சத்தத்தோடு வெட்டலாம். சத்தம் கூடக் கூட, பேஸ் என்ற கீழ்ஸ்தாயி ஒலி கூடக் கூட, பள்ளம் அகலமாக இடம் கேட்கும். நேரத்தை நீட்டினால் வெட்டுபவர் சத்தத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஒரு நிமிடப் பாட்டு இங்கே ஒரு வசதி. பேஸை இரண்டு ஸ்பீக்கருக்கும் பிரிக்காமல் நடுவில் வைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் ஊசி துள்ளும். 'ஸ', 'ஷ' ஒலிகள் கூராக இருந்தால், குறிப்பாக உள்வட்டத்தில், சீறும். அதனால் கூச்சல் அதிகமான பாட்டை முதலில் வைத்து, அடக்கமானதைக் கடைசியில் வைப்பது நல்லது.

வெட்டிய அரக்குத் தட்டின்மேல் வெள்ளி பூசி, நிக்கல் படியவைத்து, அதிலிருந்து அச்சு எடுப்பார்கள். முழு எண்ணிக்கையும் அடிக்கும் முன் மாதிரித் தட்டு வரும். குறைந்தது இரண்டை, இரண்டு வெவ்வேறு பிளேயரில் கேளுங்கள். ஒரே இடத்தில் இரண்டிலும் 'டிக்' என்றால் குறை அச்சில். ஒன்றில் மட்டும் என்றால் அந்தத் தட்டில். நீண்ட ஸ்வரம் ஊஞ்சலாடினால் துளை நடுவில் இல்லை. லேபிள் பக்கம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள், நடக்கும்.

உறையை அவர்களே ஒட்டினார்களாமே? — ஈரோடு

ஆமாம். இங்கிலாந்தில் அச்சான ஒரு 7 அங்குல உறையைப் பிரித்து, அதன் வடிவத்தைப் படியெடுத்தார்கள். 11-க்கு 17 அங்குலத் தாளில் அச்சடித்து, கத்தரியால் வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். நண்பர்களும் கூடி உட்கார்ந்தார்கள்.

நீங்கள் செய்தால்: தட்டு 17.5 செ.மீ. உறையையும் அதே அளவில் வெட்டினால் தட்டு நுழையாது. பக்கத்துக்கு 18.4 வையுங்கள். முன், பின் இரண்டும் பக்கம் பக்கமாக 36.8, மேலும் கீழும் ஒட்டுவிளிம்பு ஒன்றரை செ.மீ. சேர்த்தால் உயரம் 21.4. 27.9-க்கு 43.2 செ.மீ. உள்ள அந்தத் தாளில் தாராளமாக அடங்கும். விரித்த தாளை வெளிப்புறமாகப் பார்க்கும்போது வலப்பாதிதான் முன்பக்கம். அச்சுக்குக் கொடுக்கும் முன் வெள்ளைத் தாளில் ஒன்று மடித்துப் பார்த்துவிடுங்கள். மடிக்கும் கோட்டில் எழுதாத பேனா முனையால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கீறினால் மை வெடிக்காது. பசையை ஈரமாகப் பூசினால் தாள் நெளியும். மெல்லிசாகத் தடவி, இருபது இருபதாக அடுக்கி, மேலே கனமான புத்தகங்களை வையுங்கள். தட்டை அன்றே உள்ளே போடக் கூடாது. காயாத பசை தட்டில் ஒட்டினால் அந்தப் பிரதி போச்சு. ஒன்றுக்கு நான்கு நிமிடம் என்றால் ஆயிரத்துக்கு 66 மணி நேரத்துக்கு மேல். ஆறு பேர் இருந்தால் ஒரு முழுப் பகல்.

சொந்தமாகத் தட்டு வெளியிட்ட முதல் பங்க் குழு இவர்கள்தானா? — சென்னை

இல்லை. மான்செஸ்டரின் 'பஸ்காக்ஸ்' 1976 டிசம்பர் 28 அன்று நான்கு பாட்டைப் பதிந்து, 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தாங்களே 1000 பிரதி வெளியிட்டது. எந்தப் பாட்டு எத்தனையாவது முயற்சியில் அமைந்தது என்பதையும் உறையில் அச்சிட்டார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் முதல் முயற்சி. 1978-இல் லண்டனின் 'ஸ்க்ரிட்டி பொலிட்டி' பதிவுக்கு இவ்வளவு, அடிக்க இவ்வளவு, லேபிளுக்கு இவ்வளவு என்று கணக்கையே உறையில் போட்டது. அடுத்தவன் அதைப் பார்த்துச் செய்துகொள்ளலாம். கணக்கு வெளியே வந்ததுதான் பெரிய விஷயம் என்பது எங்கள் கட்சி.

கலைந்த பிறகு அந்தப் பையன்கள் என்ன ஆனார்கள்? — வேலூர்

மெக்காய் பேஸை வைத்துவிட்டுப் பாட வந்தார். நெல்சன் டிரம்ஸிலேயே தொடர, லைல் பிரெஸ்லர் கிட்டாருக்கும் பிரையன் பேக்கர் பேஸுக்கும் சேர்ந்தார்கள். 'மைனர் த்ரெட்' என்ற அந்தக் குழு 1980 டிசம்பரிலேயே முதல் நிகழ்ச்சியை நடத்திவிட்டது. டிஸ்கார்டின் மூன்றாவது தட்டு அவர்களுடையது, 1981-இல்: மறுபடியும் 7 அங்குலம், மறுபடியும் எட்டுப் பாட்டு.

டிரம்ஸ் செட் வாங்கலாம் என்றிருக்கிறேன். எதில் தொடங்குவது? — திண்டுக்கல்

ஒரு ரப்பர் பயிற்சிப் பலகை, 5ஏ அளவுக் குச்சி இரண்டு ஜோடி, தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் ஒரு மெட்ரோனோம். செட்டை ஆறு மாதம் கழித்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு வாங்குங்கள்.