பஞ்சாங்கத்தில் "அமாவாசை 17-30" என்றால் மாலை ஐந்தரையா?

இல்லை, மதியம் ஒரு மணி. "17-30" என்பதை ரயில் நேரம்போலப் படித்துவிட்டீர்கள். வாக்கியப் பஞ்சாங்கத்தில் அது 17 நாழிகை 30 வினாடி. நாழிகைக்கு 24 நிமிடம். கணக்கு நள்ளிரவில் அல்ல, சூரிய உதயத்தில் தொடங்கும். பதினேழரையை 24-ஆல் பெருக்கினால் 420 நிமிடம், அதாவது ஏழு மணி நேரம். அன்று உதயம் காலை 6.00 என்றால் அமாவாசை 1.00 மணிவரை. உதயம் 6.20 என்றால் 1.20 வரை.

இன்னொரு வம்பு இந்த 'வினாடி'. கைக்கடிகார வினாடி வேறு. பஞ்சாங்க வினாடி நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 24 செகண்ட். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தது யார் புண்ணியமோ!

நாழிகையையும் நாழியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாழி அரிசி அளக்கும் முகத்தலளவை. ஆனால் "நாழியாச்சு, கிளம்பு" என்று சில வீடுகளில் சொல்லும்போது அது நேரம்தான். அந்தக் காலத்தில் அடியில் சிறு துளையிட்ட நாழிகை வட்டிலில் நீரை வைத்தே பொழுதை அளந்தார்கள். முகூர்த்தம் இரண்டு நாழிகை, சாமம் ஏழரை நாழிகை.

சில பஞ்சாங்கங்கள் மணி-நிமிடத்திலேயே போடுகின்றன. பத்தியின் தலைப்பில் 'நா.வி.' என்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.