அமெரிக்காவில் டிசபிலிட்டி (உடல் இயலாமை) உதவித்தொகை மறுப்பை எதிர்த்து ஃபெடரல் நீதிமன்றத்தில்: கேள்வி பதில்

கேள்வி: அப்பீல்ஸ் கவுன்சில் (சோஷியல் செக்யூரிட்டி துறைக்குள்ளேயே உள்ள கடைசி மேல்முறையீட்டு அமைப்பு) என் வழக்கை மறுஆய்வு செய்ய மறுத்துவிட்டது. கடிதத்தில் மார்ச் 3 என்று தேதி. எதுவரை அவகாசம்?

கடிதம் கைக்கு வந்ததிலிருந்து 60 நாள். தேதியிட்ட 5 நாளில் வந்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆக மே 7. அன்று தபாலில் போட்டால் போதாது, மனு நீதிமன்ற அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முடியாதென்று தெரிந்தால் காரணம் எழுதி அப்பீல்ஸ் கவுன்சிலிடமே கூடுதல் அவகாசம் கேளுங்கள், கெடு முடியும் முன்பே. கெடு தாண்டியதால் மட்டுமே தோற்கும் நல்ல வழக்குகள் உண்டு. கடித உறையையும் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: வக்கீல் கிடைக்கவில்லை. மனுவில் என்ன எழுத வேண்டும்? செலவு?

நீங்கள் வசிக்கும் பகுதியின் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்யுங்கள். 2022 டிசம்பர் 1 முதல் இந்த வழக்குகளுக்குத் தனி விதிகள் உள்ளன. மனு சிறியதாக இருக்கலாம்: 405(ஜி) பிரிவின் (இந்த முடிவுகளை நீதிமன்றத்தில் எதிர்க்க வழி தரும் சட்டப் பிரிவு) கீழ் வழக்கு என்பது, எதிர்க்கும் முடிவு எது, கடிதத்தில் உள்ள அடையாள எண், உங்கள் பெயர், வசிக்கும் கவுன்ட்டி, யாருடைய சம்பளப் பதிவின் பேரில் கேட்கிறீர்கள், எந்த வகை உதவித்தொகை. எதிர்வாதி சோஷியல் செக்யூரிட்டி கமிஷனர். சம்மன் அனுப்பும் வேலை உங்களுக்கு இல்லை, நீதிமன்றமே அரசுத் தரப்புக்கு மின்னணு அறிவிப்பு அனுப்பிவிடும். கட்டணம் 405 டாலர். கட்ட முடியாதவர்கள் வருமானம், சொத்து விவரத்தோடு விலக்கு மனுவைச் சேர்த்தே கொடுங்கள்.

கேள்வி: எனக்கு எவ்வளவு வலி என்று நீதிபதியிடம் நேரில் சொல்ல முடியுமா?

முடியாது. பலர் இடறி விழும் இடம் இதுதான். இங்கே சாட்சி விசாரணை கிடையாது. நீங்கள் நோயாளியா என்று ஃபெடரல் நீதிபதி புதிதாகத் தீர்மானிப்பதில்லை. விசாரணை நீதிபதியின் (உங்கள் கோரிக்கையை முன்பு விசாரித்து மறுத்த சோஷியல் செக்யூரிட்டி துறை நீதிபதி) முடிவு போதிய ஆதாரத்தில் நிற்கிறதா, சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று மட்டுமே பார்ப்பார். அந்த ஆதாரத்தின் அளவுகோல் உயரமானதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் பீஸ்டெக் வழக்கில் மீண்டும் சொன்னது. அதனால் "ஆதாரத்தைத் தவறாக எடைபோட்டார்" என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் தோல்விதான்.

விசாரணை நீதிபதியின் முடிவின் நகலை வரிவரியாகப் படியுங்கள். "இன்னும் என்ன வேலை செய்ய முடியும்" என்று மதிப்பிட்ட பத்திதான் வழக்கின் இதயம். ஒரு டாக்டரின் கருத்தை ஏற்கத்தக்கது என்று சொல்லிவிட்டு, அவர் விதித்த வரம்பைக் காரணம் சொல்லாமல் அந்தப் பத்தியில் சேர்க்காமல் விட்டுவிட்டாரா? 2017 மார்ச் 27 முதல் போட்ட விண்ணப்பங்களில், உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் என்பதற்காகவே கூடுதல் மதிப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு டாக்டரின் கருத்துக்கும் என்ன மருத்துவ அடிப்படை, மற்ற ஆதாரங்களோடு அது ஒத்துப்போகிறதா என்ற இரண்டையும் விசாரணை நீதிபதி விளக்கியே ஆக வேண்டும். விசாரணையில் வேலைவாய்ப்பு நிபுணரிடம் (நீங்கள் செய்யக்கூடிய வேலைகள் உண்டா என்று சொல்பவர்) அவர் கேட்ட கேள்வியில் உங்கள் வரம்புகள் எல்லாம் இருந்தனவா என்றும் பாருங்கள்.

ஒவ்வொரு குறைக்கும் ஆவணப் பக்க எண் கொடுங்கள். அந்தக் குறை இல்லாவிட்டால் முடிவு மாறியிருக்கும் என்றும் காட்டுங்கள். காட்டாவிட்டால் "பாதிப்பில்லாத பிழை" என்று தள்ளிவிடுவார்கள். வலுவான இரண்டு வாதம் போதும்.

அரசுத் தரப்பு ஆவணத் தொகுப்பைத் தாக்கல் செய்ய 60 நாள். பிறகு உங்கள் வாதத்துக்கு 30 நாள், அவர்களுக்கு 30, உங்கள் மறுப்புரைக்கு 14.

கேள்வி: விசாரணைக்குப் பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யைக் கொடுக்கலாமா?

விசாரணை நீதிபதியின் முடிவுக்கு முந்தைய காலத்து உடல்நிலையைக் காட்டுவதாகவும், முடிவை மாற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். முன்பே கொடுக்காததற்கு நல்ல காரணமும் வேண்டும். அப்போது வழக்கை சோஷியல் செக்யூரிட்டி துறைக்கே திருப்பி அனுப்பக் கேட்கலாம். நோய் பிறகுதான் முற்றியது என்றால் புதிய விண்ணப்பம் போடுங்கள். நீதிமன்ற வழக்கு நடக்கும்போதே போடலாம்.

கேள்வி: ஜெயித்தால் உடனே பணம் வருமா? வக்கீல் எவ்வளவு எடுப்பார்?

பெரும்பாலான வெற்றிகள் "மீண்டும் விசாரி" என்ற உத்தரவுதான். நேரடியாகத் தொகை வழங்கச் சொல்வது அபூர்வம். அந்த உத்தரவே வெற்றியாகக் கருதப்படுவதால், அரசின் நிலைப்பாட்டுக்குத் தக்க நியாயம் இல்லாவிட்டால் வக்கீல் கட்டணத்தை அரசிடமே கேட்கலாம். அரசுக்கு உங்கள் கடன் பாக்கி இருந்தால் அதில் கழித்துக்கொள்வார்கள். பின்னர் நிலுவைத்தொகை கிடைத்தால், நீதிமன்றப் பணிக்காக அதில் 25 சதவீதம் வரை வக்கீலுக்கு நீதிமன்றம் அனுமதிக்கலாம். இரண்டும் கிடைத்தால் சிறிய தொகையை அவர் உங்களிடம் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.